அக்கரை என்று அழைக்கப்பட்ட நிலம்: செபராங் பிறையின் எல்லையும் ஊராட்சியும்



பினாங்கு என்றதும் பலருடைய நினைவுக்கு வருவது தீவுதான். கொடிமலை, தண்ணீர்மலைத் தைப்பூசம், ஜோர்ஜ்டவுன் பழைய தெருக்கள் என்று பட்டியல் நீளும். வெளியூரிலிருந்து வரும் உறவினர்கள் பாலத்தைக் கடந்த பிறகே "பினாங்கு வந்துவிட்டோம்" என்கிறார்கள். அதற்கு முன் அரை மணி நேரமாக அவர்கள் பயணம் செய்த நிலமும் பினாங்குதான் என்பதை எண்ணுவதில்லை.

கணக்கைப் பாருங்கள். பினாங்கு மாநிலத்தின் பரப்பு சுமார் 1,048 சதுர கிலோமீட்டர். அதில் தீவின் பங்கு ஏறத்தாழ 300. எஞ்சிய 750 சதுர கிலோமீட்டரும் பெருநிலத்தில் உள்ள செபராங் பிறை. 2020ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தீவில் வாழ்வோர் சுமார் 7 இலட்சத்து 94 ஆயிரம் பேர். செபராங் பிறையில் வாழ்வோர் சுமார் 9 இலட்சத்து 46 ஆயிரம் பேர். நிலமும் இங்கே மிகுதி, மக்களும் இங்கே மிகுதி. ஆயினும் நம் மாணவர்களின் மனத்தில் இஃது இன்னும் 'அக்கரை'யாகவே இருக்கிறது.

கெப்பாலா பத்தாஸ் வட்டாரத்தில் ஆசிரியப் பணியாற்றும் நான், இந்த நிலத்தின் வரலாற்றை நமது பார்வையில் எழுத வேண்டும் என்று பல நாள் எண்ணியிருந்தேன். இந்த நிலத்தின் எல்லைகளை வரைந்தவர் யார்? இதனை ஆண்டவர் யார்? இப்பொழுது ஆள்பவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கான விடைகளே இக்கட்டுரை.

1. பெயர் சொல்லும் கதை

மலாய் மொழியில் 'செபராங்' என்றால் எதிர்க்கரை. செபராங் பிறை என்பது பிறை ஆற்றுக்கு அப்பாலுள்ள கரை என்று பொருள்படும். அப்பால் என்று சொல்வதற்கு, சொல்பவர் வேறோர் இடத்தில் நிற்க வேண்டும் அல்லவா? ஆக, இந்த நிலத்தின் பெயரே வேறோரிடத்தில் நின்று சூட்டப்பட்ட பெயர்.

ஆங்கிலேயர் காலத்தில் இதன் பெயர் 'வெல்லெஸ்லி மாகாணம்'. அப்போது வங்காளத்தின் தலைமை ஆளுநராக இருந்த ரிச்சர்ட் வெல்லெஸ்லியின் பெயரை இதற்கு வைத்தார்கள். அவர் கல்கத்தாவில் இருந்து ஆட்சி செய்தவர். இந்த மண்ணில் கால் வைத்தவரல்லர். பட்டர்வொர்த் நகரின் பெயரும் அவ்வாறே வந்தது. 1843 முதல் 1855 வரை நீரிணைக் குடியேற்றங்களின் ஆளுநராக இருந்த வில்லியம் ஜான் பட்டர்வொர்த்தின் பெயர் அது.

இங்கு வாழ்ந்தவர்கள் வைத்த பெயர்களோ முற்றிலும் வேறு வகை. அவை மண்ணைப் பார்த்து வைத்த பெயர்கள். பட்டர்வொர்த்தை மலாய்க்காரர்கள் இன்றும் 'பாகான்' என்பார்கள். படகு கரையேறும் துறை என்பது அதன் பொருள். புக்கிட் மெர்தாஜம் நகரைச் சீனர்கள் 'பெரிய மலையின் அடிவாரம்' என்று பொருள்படும் பெயரால் அழைக்கிறார்கள். நிபோங் திபாலில் நிபோங் பனை இருக்கிறது. எங்கள் கெப்பாலா பத்தாஸில் வயல் இருக்கிறது. 'பத்தாஸ்' என்பது வரப்பு, 'கெப்பாலா' என்பது தலை. வரப்பின் தலைப்பகுதி என்று தமிழில் சொல்லலாம். எத்தனை அழகான பெயர்!

2. ஆறுகளும் மணல்மேடுகளும்

செபராங் பிறை வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 50 கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு கடலோரச் சமவெளி. வடக்கே மூடா ஆறு, தெற்கே கிரியான் ஆறு, மேற்கே கடல். கிழக்கு எல்லை மட்டும் மனிதர்கள் வரைந்த கோடு. வடக்கிலும் கிழக்கிலும் கெடா மாநிலமும், தெற்கில் பேராக் மாநிலமும் உள்ளன. நடுவே பிறை ஆறு ஓடுகிறது. புக்கிட் மெர்தாஜம் மலை ஏறத்தாழ 545 மீட்டர் உயரம் கொண்டது. இந்தத் தட்டையான நிலத்தில் அது தொலைவிலிருந்தே தெரியும்.

நீங்கள் வட செபராங் பிறையில் பயணம் செய்தால் 'பெர்மாத்தாங்' என்று தொடங்கும் ஊர்ப் பெயர்களைத் திரும்பத் திரும்பக் காண்பீர்கள். பெர்மாத்தாங் என்றால் மேட்டு நிலம். முற்காலத்தில் கடல் ஒதுக்கிய மணல், கரைக்கு இணையாக நீண்ட மேடுகளாகப் படிந்தது. கடல் பின்வாங்கியபோது அம்மேடுகள் உள்நாட்டில் நின்றுவிட்டன. மக்கள் மேட்டில் வீடு கட்டினார்கள், தென்னை வைத்தார்கள். மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளத்தில் நெல் பயிரிட்டார்கள். இன்றும் பழைய கம்பங்கள் நீளவாக்கில் அமைந்திருப்பதன் காரணம் இதுவே.

மேடு எது, பள்ளம் எது என்பதை மறந்து வீடு கட்டினால் என்ன நடக்கும் என்பதை 2017 நவம்பர் 4, 5 ஆகிய நாள்களில் கண்டோம். ஒரே இரவில் கொட்டிய மழையில் மாநிலத்தின் பெரும்பகுதி நீரில் மூழ்கியது. எங்கள் வட்டாரமும் அதற்குத் தப்பவில்லை.

இந்த நிலத்தில் மனிதர் வாழ்ந்த காலமோ மிகப் பழையது. கெப்பாலா பத்தாஸுக்கு அருகே குவார் கெப்பா என்னுமிடத்தில் சிப்பி ஓட்டுக் குவியல்கள் இருந்தன. கற்கால மக்கள் கடலுணவை உண்டு, ஓடுகளைக் குவித்து, இறந்தவர்களையும் அங்கேயே புதைத்தார்கள். 1934இல் டச்சு ஆய்வாளர் வான் ஸ்டைன் காலன்பெல்ஸ் அங்கு அகழாய்வு செய்தார். 2017இல் அதே இடத்தில் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது. 'பினாங்குப் பெண்' எனப் பெயர் பெற்ற அவர் ஐயாயிரம் ஆண்டுகளுக்கும் முற்பட்டவர் என ஆய்வாளர்கள் கணித்தனர்.

புக்கிட் மெர்தாஜம் மலையடிவாரத்தில், புனித அன்னம்மாள் தேவாலய வளாகத்தில், சேரோக் தொக்குன் கல்வெட்டு உள்ளது. இவ்வட்டாரத்தில் கிடைத்த இன்னொரு கல்வெட்டு, புத்தகுப்தன் என்ற கப்பல் தலைவனைக் குறிப்பது. அது சமஸ்கிருத மொழியில் அமைந்தது. இப்பொழுது கல்கத்தா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆகவே, இந்த மண்ணின் வரலாறு 1786இல் தொடங்கியது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்வது பொருந்தாது.

3. எல்லை பிறந்த கதை

1786 ஆகஸ்டு 11ஆம் நாள், பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவைக் கிழக்கிந்தியக் கும்பினியின் பெயரால் கைக்கொண்டார். சயாமின் மிரட்டலுக்கு எதிராகக் கும்பினி தமக்குத் துணை நிற்கும் என்பது கெடா சுல்தான் அப்துல்லாவின் எதிர்பார்ப்பு. அந்தத் துணை கிட்டவில்லை. தீவை மீட்கச் சுல்தான் பிறை ஆற்றுப் பகுதியில் படை திரட்டினார். 1791 ஏப்ரலில் லைட் முந்திக்கொண்டு தாக்கினார். அடுத்து வந்த உடன்படிக்கையின்படி சுல்தானுக்கு ஆண்டுதோறும் 6,000 ஸ்பானிய வெள்ளி என்று முடிவாயிற்று.

இந்தப் போர் கும்பினிக்கு ஒரு பாடம் கற்பித்தது. எதிர்க்கரை வேறொருவரிடம் இருக்கும்வரை தீவுக்குப் பாதுகாப்பில்லை. துறைமுகத்தின் இரு கரையும் ஒரே கையில் இருக்க வேண்டும். கடற்கொள்ளையர் பதுங்க இடமிருக்கக் கூடாது. தீவு மக்களுக்கு அரிசியும் வேண்டும். எனவே, 1800இல் துணைநிலை ஆளுநர் ஜோர்ஜ் லீத், சுல்தான் ஜியாவுதீனுடன் புதிய உடன்படிக்கை செய்தார். ஆண்டுத் தொகை 10,000 வெள்ளியாக உயர்ந்தது. கடலோர நிலம் கைமாறியது. கெடாவுக்குச் செலுத்தும் இத்தொகையைப் பற்றிய பேச்சு இரு மாநில அரசியலிலும் இன்றளவும் எழுந்துகொண்டிருப்பதை நாளேடுகளில் காணலாம்.

அந்த நிலத்தை எப்படி அளந்தார்கள் தெரியுமா? மூடா ஆற்று முகத்துவாரம் முதல் கிரியான் ஆற்று முகத்துவாரம் வரை, கடலிலிருந்து உள்நோக்கி 60 ரெலோங். ரெலோங் என்பது நம் வட்டார விவசாயிகள் வயலை அளக்க இன்றும் சொல்லும் அளவுதான். நீளமாகக் கணக்கிட்டால் 60 ரெலோங் என்பது சுமார் நான்கரை கிலோமீட்டர். அதாவது, முதல் செபராங் பிறை வெறும் கடலோர நாடா போன்றது. பின்னர் 1831இலும் 1869இலும் சயாம் தரப்புடன் செய்துகொண்ட உடன்பாடுகளால் கெடா எல்லை மாற்றியமைக்கப்பட்டது. 1874 பங்கோர் உடன்படிக்கையில் தெற்கு எல்லையும் திருத்தப்பட்டது.

உடன்படிக்கைகளில் ஒப்பமிட்டவர்களைக் கவனியுங்கள். கும்பினி, சுல்தான், சயாம், பேராக். அந்த வயலில் உழுதவனிடம் யாரும் கேட்கவில்லை. அந்தக் காலத்து வழக்கம் அது. ஆனால் விளைவு நெடுங்காலம் நீடித்தது. மூடா ஆற்றின் இரு கரையிலும் ஒரே பேச்சு வழக்கு, ஒரே நெல், ஒரே உறவுமுறை. இருந்தும், தென்கரை பிரிட்டிஷ் ஆட்சியிலும் வடகரை சயாமின் மேலாண்மையிலும் 1909 வரை இருந்தன.

4. ஏதிலிகளும் கரும்பும் எண்களும்

1821 நவம்பரில் சயாமியப் படை கெடாவைத் தாக்கியது. சுல்தான் பினாங்கில் அடைக்கலம் புகுந்தார். ஆயிரக்கணக்கான கெடா மக்கள் ஆற்றைக் கடந்து செபராங் பிறைக்கு ஓடிவந்தனர். காட்டைத் திருத்தி வயலாக்கியவர்கள் அவர்களே. வட செபராங் பிறையின் பல கம்பங்களுக்கு அவர்களே முன்னோர்.

தெற்கில் நிலைமை வேறு. அங்கே தியோசூ சீனர்கள் கரும்பு நட்டார்கள். 1840களில் ஐரோப்பியர்களும் கரும்புத் தோட்டங்களைத் திறந்தனர். அங்கேதான் நம்மவர் வரலாறு தொடங்குகிறது. நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழர்கள், ஒப்பந்தக் கூலிகளாக நிபோங் திபால், பத்து காவான் வட்டாரங்களுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். பிறகு கரும்பு போய் இரப்பர் வந்தது. ஒப்பந்தக் கூலிமுறை 1910இல் நிறுத்தப்பட்டது. ஆனால் தோட்டம் நின்றது. தோட்டத்தோடு நம் மக்களும் நின்றார்கள்.

இங்கே ஒன்றைச் சிந்திக்க வேண்டும். தோட்டத்துத் தமிழனுக்கு ஊராட்சி என்பது யார்? துரைதான். தண்ணீர், லயம், சாலை, மருந்தகம் யாவும் நிர்வாகத்தின் கையில். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தின்படி, படிக்கும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் பள்ளி நடத்துவதும் தோட்டத்தின் பொறுப்பாயிற்று. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் பெயரில் இன்றும் 'தோட்டம்' இருப்பது அதன் அடையாளம். நாடு விடுதலை பெற்ற பின்னரும் தோட்டம் தனியார் நிலமாகவே இருந்தது. தெருவிளக்கும் தார்ச்சாலையும் தோட்டத்து எல்லையோடு நின்றுவிட்டன. மனுப்போட வேண்டிய இடம் அரசு அலுவலகம் என்பதை நம் முந்தைய தலைமுறை அறியாமல் போனதற்கு இஃது ஒரு முக்கியக் காரணம் என்று நான் கருதுகிறேன்.

ஆங்கிலேய நிருவாகம் நிலத்தைப் பிரித்த முறையும் கவனிக்கத்தக்கது. வடக்கு, நடு, தெற்கு என மூன்று மாவட்டங்கள். இன்றும் அவையே உள்ளன. எங்கள் கெப்பாலா பத்தாஸ் வட மாவட்டத்தின் தலைமையிடம், புக்கிட் மெர்தாஜம் நடு மாவட்டத்தின் தலைமையிடம். மாவட்டத்திற்குள் முக்கிம்கள். கெடாவில் முக்கிம்களுக்குப் பெயர் உண்டு. செபராங் பிறையில் முக்கிம்களுக்கு எண்தான். உங்கள் வீட்டு நிலப்பட்டாவை எடுத்துப் பாருங்கள். 'முக்கிம் 6', 'முக்கிம் 11' என்றே இருக்கும். பெர்மாத்தாங் என்றும் பாகான் என்றும் மக்கள் வைத்த பெயர்கள் நில அலுவலகக் கோப்பில் எண்களாகிவிட்டன!

5. வாக்குச்சீட்டு வந்ததும் போனதும்

ஊராட்சியைப் பொறுத்தவரை தீவு முந்திக்கொண்டது. ஜோர்ஜ்டவுனில் 1800ஆம் ஆண்டிலேயே வரி மதிப்பீட்டுக் குழு அமைந்தது. 1857இல் நகராண்மை ஆணையம் வந்தது. பெருநிலத்தில் நெடுங்காலம் மாவட்ட அதிகாரியின் ஆட்சியும் கிராமப்புற வாரியமுமே இருந்தன. உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டவர்கள்.

1950ஆம் ஆண்டின் ஊராட்சித் தேர்தல் சட்டத்திற்குப் பிறகு காற்று மாறியது. 1951 டிசம்பரில் மலாயாவின் முதல் நகராண்மைத் தேர்தல் ஜோர்ஜ்டவுனில் நடந்தது. நாட்டின் முதல் பொதுத் தேர்தல் 1955இல்தான் வந்தது. அதாவது, நம் நாட்டு மக்கள் வாக்களிக்கக் கற்றுக்கொண்டது ஊராட்சித் தேர்தலில்! 1957 சனவரி முதல் நாள் ஜோர்ஜ்டவுன் மாநகரானது. 1950களின் இறுதியில் அதன் மேயராக இருந்தவர் டி.எஸ். இராமநாதன் என்னும் தமிழர். ஸ்காட் சாலை இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

செபராங் பிறைக்கும் அந்தக் காற்று வந்தது. பட்டர்வொர்த்துக்கும் புக்கிட் மெர்தாஜத்துக்கும் நகர மன்றங்கள், வடக்கு, நடு, தெற்குப் பகுதிகளுக்கு மாவட்ட மன்றங்கள் என ஐந்து அமைப்புகள் தோன்றின. பிற மாநிலங்களில் பல கிராமங்கள் எந்த ஊராட்சி மன்றத்தின் கீழும் வராமல் இருந்த காலத்தில், பினாங்கிலும் மலாக்காவிலும் மாநிலம் முழுவதும் ஏதேனும் ஒரு மன்றத்தின் கீழ் இருந்தது. இது நமக்குப் பெருமை தரும் செய்தி.

அந்தப் பெருமை நீடிக்கவில்லை. இந்தோனேசியாவுடனான மோதல் காலத்தில், 1965 மார்ச்சில், ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. அப்போது அது தற்காலிக நடவடிக்கை. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களின் செயற்பாட்டை ஆராய அரச ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. அதன் தலைவர் செனட்டர் ஆதி நாகப்பன். ஆம், நம் தமிழர்தான். அவருடைய துணைவியார் ஜானகி ஆதி நாகப்பன், நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் பணியாற்றியவர். ஜானகி அம்மையாரை நம்மவர் பலர் அறிவர். ஆதி நாகப்பன் அறிக்கையை அறிந்தவர் மிகச் சிலரே.

அந்த ஆணையம் மேற்கு மலேசியாவில் இருந்த 370க்கும் மேற்பட்ட ஊராட்சி மன்றங்களை ஆராய்ந்தது. 1968 டிசம்பரில் அறிக்கை தந்தது. 1971இல் அது வெளியிடப்பட்டது. சிறு மன்றங்கள் பலவற்றில் பணமும் இல்லை, ஆளும் இல்லை, சிலவற்றில் ஒழுங்கும் இல்லை என்பதை அது மறைக்கவில்லை. ஆனாலும் தேர்தலை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்பதே அதன் பரிந்துரை.

அரசாங்கம் வேறு வழியைத் தேர்ந்தது. 1973இல் ஒரு தற்காலிகச் சட்டம், 1976இல் ஊராட்சிச் சட்டம். சிறு மன்றங்கள் இணைக்கப்பட்டன. தேர்தல் பற்றிய விதிகள் செயலிழந்தன. இதன்படி 1976இல் செபராங் பிறை முழுவதும் ஒரே நகராண்மைக் கழகத்தின் கீழ் வந்தது. இணைப்பால் நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. குப்பை வண்டி, கட்டட அனுமதி, சந்தை, உரிமம் ஆகியவை வடகோடி முதல் தென்கோடி வரை ஒரே முறைக்கு வந்தன. கிராமப்புறமும் நகரத்தோடு சேர்ந்து பயன் பெற்றது. ஆனால் கழக உறுப்பினர்களை மாநில அரசே நியமிக்கும் முறை நிலைபெற்றது.

2012இல் பினாங்குச் சட்டமன்றம் ஊராட்சித் தேர்தலை மீட்க ஒரு சட்டம் இயற்றியது. அதன் பெயரில் 'பினாங்குத் தீவு', 'வெல்லெஸ்லி மாகாணம்' என்ற பழைய பெயர்களே இருந்தன என்பது சுவையான செய்தி. 2014இல் கூட்டரசு நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2019 செப்டம்பர் 16ஆம் நாள் செபராங் பிறை மாநகர் தகுதி பெற்றது. கழகம் மாநகர் மன்றமாயிற்று. 62 ஆண்டுகளுக்கு முன் ஜோர்ஜ்டவுன் பெற்ற தகுதியை எதிர்க்கரையும் பெற்றது. ஆனால், அன்றைய ஜோர்ஜ்டவுன் மக்களுக்கு இருந்த வாக்குரிமை இந்த மாநகர் மக்களுக்கு இல்லை.

6. எதற்கு எங்கே செல்வது?

வகுப்பில் "நம்மை ஆள்வது யார்?" என்று கேட்டால் "பிரதமர்" என்ற விடை உடனே வரும். "நம் வீட்டுக் குப்பையை அள்ளுவது யார்?" என்றால் "லாரி" என்கிறார்கள். சிரிப்பாக இருந்தாலும் பெரியவர்களின் அறிவும் பல நேரங்களில் இவ்வளவுதான். எனவே, ஒரு சுருக்கமான பட்டியல்:

- குப்பை, தெருவிளக்கு, குடியிருப்புச் சாலை, வடிகால், சந்தை, கடை உரிமம், கட்டட அனுமதி: மாநகர் மன்றம். இதற்காக ஆண்டுக்கு இரண்டு தவணை மதிப்பீட்டு வரி கட்டுகிறோம்.
- நிலப்பட்டா, நிலவரி: மாவட்ட, நில அலுவலகம். இது மாநில அரசைச் சேர்ந்தது.
- ஆறு, வெள்ளத்தடுப்பு, வயலுக்கு நீர்: நீர்ப்பாசன, வடிகால் துறை.
- குழாய் நீர்: பினாங்கு நீர் விநியோகக் கழகம்.
- பள்ளி, மருத்துவமனை, காவல்துறை: மத்திய அரசு.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியாற்றிய ஒரு பள்ளியின் வேலிக்கு வெளியே வடிகால் அடைத்துக்கொண்டது. மழை பெய்தால் நீர் திடலுக்குள் வரும், கொசு பெருகும். ஓர் அலுவலகத்திற்கு எழுதினோம். அது தங்கள் வடிகால் அன்று என்றனர். அடுத்த அலுவலகம் நில எல்லையைக் காட்டச் சொன்னது. மூன்றாவது அலுவலகம் முதல் அலுவலகத்திற்கே போகச் சொன்னது. ஐந்து மாதங்கள் ஆயின. இறுதியில் பெற்றோர் ஒருவர், தாம் கட்டிய மதிப்பீட்டு வரி இரசீதையும் நிலத்தின் வரைபடத்தையும் எடுத்துக்கொண்டு நேரில் சென்று பேசினார். இரண்டு வாரத்தில் வடிகால் தூர்வாரப்பட்டது. அவர் பெரிய படிப்புப் படித்தவரல்லர். எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பதை அறிந்தவர், அவ்வளவே.

மேலே உள்ள பட்டியலில் குழாய் நீரைப் பற்றி ஒரு சொல். பினாங்கு மாநிலம் பயன்படுத்தும் நீரில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் மூடா ஆற்றிலிருந்து வருகிறது. அது கெடாவின் உலு மூடா காடுகளில் பிறந்து, எங்கள் வட மாவட்டத்தின் எல்லையாக ஓடி, சுங்கை டுவாவில் சுத்திகரிக்கப்பட்டு, கடலடிக் குழாய் வழியாகத் தீவை அடைகிறது. 1800இல் தீவுக்கு அரிசி வேண்டி எடுக்கப்பட்ட நிலம், இன்று தீவுக்கு நீர் கொடுக்கிறது. எல்லைக்கோடு ஆற்றின் நடுவே போகிறது; நீர் அக்கோட்டை மதிப்பதில்லை. காட்டை வைத்திருப்பவர் ஒரு மாநிலம், நீரைக் குடிப்பவர் இன்னொரு மாநிலம். இரண்டு நூற்றாண்டுகளுக்கு முன் வரைந்த எல்லை நம் வீட்டுக் குழாய் வரை நீண்டிருக்கிறது.

7. நாம் செய்யக்கூடியது

ஒரு மாநகர் மன்றத்தில் மேயருடன் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம் என்கிறது சட்டம். செபராங் பிறை மக்கள்தொகையை 24ஆல் வகுத்தால், ஓர் உறுப்பினருக்குச் சுமார் 39 ஆயிரம் பேர். அவர்களுள் எத்தனை பேருக்குத் தம் பகுதி உறுப்பினரின் பெயர் தெரியும்? ஏழு நாடாளுமன்ற உறுப்பினர்களை இந்தப் பெருநிலத்து மக்கள் வாக்களித்து அனுப்புகிறார்கள். சட்டமன்ற உறுப்பினர்களையும் தேர்ந்தெடுக்கிறார்கள். வீட்டு வாசலுக்கு மிக அருகில் இருக்கும் அரசை மட்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை.

தேர்தல் திரும்ப வேண்டுமா என்பதில் இரு தரப்பிலும் வாதங்கள் உள்ளன. செலவு, அரசியல் பூசல், நகர்ப்புற கிராமப்புறப் பிளவு ஆகியவற்றை ஒரு தரப்பு சுட்டுகிறது. வரி கட்டுபவனுக்கு வாக்கு வேண்டும் என்கிறது மறு தரப்பு. கட்சி சார்ந்து பேசுவது என் நோக்கமன்று. ஆனால், இல்லாத ஒன்றைப் பற்றி முடிவெடுக்க வேண்டுமானால், அது முன்பு இருந்தது என்பதையாவது நம் பிள்ளைகள் அறிய வேண்டும். நம் தாத்தாமார் பட்டர்வொர்த்திலும் புக்கிட் மெர்தாஜத்திலும் மன்ற உறுப்பினருக்கு வாக்களித்தார்கள் என்பதை அறியாத தலைமுறை, அதைக் கேட்கவும் செய்யாது, வேண்டாம் என்று மறுக்கவும் செய்யாது.

ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படித்த நாளில், 'அண்மையிலிருந்து சேய்மைக்கு' என்ற கற்பித்தல் நெறியைப் படித்தோம். வரலாற்றுக்கும் அது பொருந்தும். மலாக்கா சுல்தான்களுக்கு முன் மாணவன் தன் முக்கிம் எண்ணை அறியட்டும். சக ஆசிரியர்கள் இரண்டு எளிய பயிற்சிகளைச் செய்து பார்க்கலாம். முதலாவது, வீட்டிலிருந்து மதிப்பீட்டு வரிச் சீட்டின் படியைக் கொண்டுவரச் செய்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியையும் வகுப்பில் வாசிப்பது. நான் இதைச் செய்தபோது மாணவர்கள் கேட்ட முதல் கேள்வி, "சார், இந்தப் பணத்தை என்ன செய்வார்கள்?" என்பதுதான். குடிமைக் கல்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் வேறென்ன? இரண்டாவது, தங்கள் கம்பத்தின் பெயருக்குப் பொருள் என்ன என்று வீட்டுப் பெரியவர்களிடமும் மலாய், சீன அண்டை வீட்டாரிடமும் கேட்டு வரச் சொல்வது. தோட்டத்துக்கு நம்மவர் வைத்திருந்த தமிழ்ப் பெயர்களும் அப்போது வெளிவரும். அவற்றை எழுதி வைக்காவிட்டால், நிலம் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது பெயரும் போய்விடும்.

பாலங்கள் வந்துவிட்டன; 1985இல் ஒன்று, 2014இல் பத்து காவானிலிருந்து இன்னொன்று. மாநகர் தகுதியும் வந்துவிட்டது. இனி நாம் வாழும் இந்த நிலத்தை நாமே எதிர்க்கரை என்று எண்ணத் தேவையில்லை. கெப்பாலா பத்தாஸ் மாணவனுக்கு இதுதான் இக்கரை. கடலுக்கு அப்பால் தெரிகிற தீவுதான் அக்கரை.

உங்கள் ஊரின் பழைய பெயர், பழைய மன்றத் தேர்தல் நினைவுகள் ஏதேனும் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால் கேட்டு எழுதுங்கள். நானும் மாணவர்களோடு பகிர்ந்துகொள்வேன்.